ஷமால் காற்றும் நகரும் வீடுகளும்

கத்தார் தீபகற்பத்தில் காற்றை மறித்து நிற்க ஒன்றும் இல்லை. வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீண்டு, 80 முதல் 90 கிலோமீட்டர் வரை அகன்று கிடக்கும் இந்த நிலத்தின் மிக உயர்ந்த இடமான குரைன் அபுல் பவுல் மேடே 103 மீட்டர்தான். மலைத்தொடர் கிடையாது, காடு கிடையாது. ஈராக்கின் சமவெளிகளிலிருந்து வளைகுடாவின் நீளவாக்கில் இறங்கி வரும் வடமேற்குக் காற்று இந்த நிலத்தை அப்படியே தாண்டிப் போகிறது. ஷமால் என்பது அதன் பெயர். நாட்டின் தென்கிழக்கில் உள்ள பிறை வடிவ மணற்குன்றுகளைப் பார்த்தாலே அதன் திசை தெரிந்துவிடும். ஒவ்வொரு குன்றின் இரு கொம்புகளும் தென்கிழக்கையே காட்டி நிற்கும்.

ஷமாலுக்கு இரண்டு பருவங்கள் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வரும் குளிர்கால ஷமால், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கே நகரும் காற்றழுத்தத் தாழ்வுகளின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. முதலில் கவுஸ் எனப்படும் தென்கிழக்குக் காற்று வீசும். காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக இருக்கும். பிறகு கொஞ்ச நேரத்திலேயே திசை புரண்டு வடமேற்கிலிருந்து குளிர்ந்த காற்று பாயும். சில சமயம் ஒன்றரை நாளில் ஓயும், சில சமயம் 3 முதல் 5 நாள் வரை நீடிக்கும். கோடைக்கால ஷமால் மே இறுதியில் தொடங்கி ஜூலை நடு வரை விட்டுவிட்டு வீசும். இதைப் பவாரிஹ் என்பார்கள். மழை இல்லாமல், புழுதியோடு, பகல் முழுக்க வீசி இரவில் தணிகிற காற்று இது. இவை இரண்டுக்கும் நடுவே, மார்ச்சிலிருந்து மே வரை ஸராயாத் என்ற திடீர் இடிமழைக் காற்றுகள் தலைகாட்டும். வாகனத்தை ஓட்டுகிறவருக்கு மூன்றிலும் மிகவும் ஆபத்தானது ஸராயாத்தான். மற்ற இரண்டும் சொல்லிவிட்டு வரும், இது சொல்லாமல் வரும்.

கடல்மேல் வீசும் இந்தக் காற்றுகளைப் பற்றி எழுத்துச் சான்றுகள் நிறைய உண்டு. பிரிட்டிஷ் இந்தியக் கடற்படையின் நில அளவை அதிகாரிகளான கான்ஸ்டபிளும் ஸ்டிஃபும் தொகுத்த பாரசீக வளைகுடா மாலுமிக் கையேடு 1864இல் அச்சானது. பின்னர் 1908இலும் 1915இலும் பிரிட்டிஷ் அதிகாரி லாரிமர் வளைகுடாவைப் பற்றித் தொகுத்த பெரும் விவரத்தொகுப்பு வெளியாயிற்று. கப்பல் கவிழ்ந்தால் வணிகம் கவிழும் என்பதால் கடற்காற்றை எழுதி வைத்தார்கள். முத்துக் குளிப்பவர்கள் எழுதாமலே நினைவில் வைத்திருந்தார்கள். 1925இல் குளிப்புப் பருவத்தின் இறுதியில் வந்த புயல் எத்தனையோ படகுகளை ஒரே இரவில் விழுங்கியது. வளைகுடாக் குடும்பங்கள் அந்த ஆண்டை இன்றும் ‘மூழ்கிய ஆண்டு’ என்றே சொல்கின்றன. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு இந்த அறிவு அந்நியமானதல்ல. ஆனால் நிலத்தின்மேல், கூடாரத்தோடும் குடும்பத்தோடும் நகர்ந்தவர்கள் காற்றை எப்படிச் சமாளித்தார்கள் என்பது நெடுங்காலம் எழுதப்படவே இல்லை. அது பெரும்பாலும் பெண்களின் கைகளில் இருந்த அறிவு என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

அதை எழுத்தில் கொண்டுவந்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். 1929 முதல் 1936 வரை குவைத்தில் பிரிட்டிஷ் அரசியல் முகவராக இருந்த எச். ஆர். பி. டிக்சன், பதுவின மக்களின் வாழ்க்கையைப் பற்றி 1949இல் வெளியிட்ட பெரிய நூலில் கூடாரத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாக விவரித்தார். பத்தாண்டு கழித்து, 1959இல், டேனிஷ் இனவரைவியலாளர் கிளாஸ் ஃபெர்டினாண்டும் புகைப்படக் கலைஞர் யெட்டே பாங்கும் கத்தாருக்கு வந்து அல் முர்ரா, நயீம் குலத்தார் நடுவே தங்கினார்கள். அந்தப் பயணத்தின் விளைவு 1993இல்தான் நூலானது. கருங்கூடாரம் வழக்கொழிவதற்குச் சற்று முன்பாக அதை அருகிருந்து பார்த்த பதிவு என்ற வகையில் அதற்கு ஈடு இல்லை.

பைத் அஷ்ஷஅர், அதாவது மயிர் வீடு, வெள்ளாட்டு மயிரால் நெய்த துணிப் பட்டைகளை நீளவாக்கில் ஒன்றோடொன்று தைத்துச் செய்யப்படுவது. தரையில் விரித்த தறியில் பெண்களே நெய்தார்கள், தைத்தார்கள், கூடாரத்தை அடித்ததும் பிரித்ததும் அவர்களே. கூடாரம் நீளமானது, ஆனால் தாழ்ந்தது. நடுக்கம்பத்தின் உயரம் ஆள் உயரத்தைக் கொஞ்சம் தாண்டினால் அதிகம். கூரை இரு பக்கமும் சாய்வாக இறங்கும். கயிறுகள் கூடாரத்தின் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளமாக, தரையோடு ஒட்டிய கோணத்தில் முளைகளுக்கு ஓடும். மழையில் நனைந்தால் மயிர் உப்பி நெசவின் கண்கள் அடைபடும். காய்ந்த நாளில் அதே கண்களின் வழியாகக் காற்று கசிந்து போகும். காற்றின் வேகத்தில் ஒரு பகுதி துணியின் ஊடாகவே வடிந்துவிடுவதால் கம்பங்களின்மேல் விழும் பாரம் குறைகிறது.

இதைவிட நுட்பமானது பின்சுவர். கூடாரத்தின் பின்பக்கத் துணி கூரையோடு சேர்த்துத் தைக்கப்பட்டதல்ல. மரத்தாலோ இரும்பாலோ ஆன ஊசிகளைச் செருகித் தொங்கவிடப்பட்டது. காற்று வரும் பக்கம் அது மூடியிருக்கும், எதிர்ப்பக்கம் திறந்திருக்கும். கவுஸ் மாறி ஷமால் புரளும்போது பெண்கள் ஊசிகளைக் கழற்றி, துணியை மறுபக்கம் கொண்டுபோய் மாட்டிவிடுவார்கள். வீட்டின் முன்பக்கம் பின்பக்கமாகிவிடும். காற்று இன்னும் வலுத்தால் கம்பங்களைச் சரித்துக் கூரையைத் தாழ்த்தி, ஓரங்களில் மணலை அள்ளிப் போடுவார்கள். எல்லை மீறினால் கம்பங்களையே எடுத்துவிட்டுத் துணியைத் தரையோடு படுக்கவிடுவதும் உண்டு. இரண்டாயிரம், மூவாயிரம் கிலோ எடையுள்ள எந்தச் சுவரும் செய்ய முடியாத காரியம் இது.

இடம் தேர்வதிலும் கணக்கு இருந்தது. குளிர்காலத்தில் கத்தார் மேய்ச்சல்காரர்கள் தேடியது ரவ்தா எனப்படும் பள்ளங்களை. சுண்ணாம்புப் பாறை கரைந்து அமிழ்ந்த இந்தத் தாழ்நிலங்களில் வண்டல் தங்கும், மழை பெய்தால் புல் முளைக்கும், முள்மரங்கள் நிற்கும், காற்றும் ஓரளவு தணியும். காலத்தைக் கணிக்க விண்மீன்கள் உதவின. ஆகஸ்ட் பிற்பகுதியில் சுஹைல் விடியலில் தோன்றியதும் ஆண்டுக் கணக்கு தொடங்கும், அதிலிருந்து பத்துப் பத்து நாளாக எண்ணுவார்கள். தமிழர் அகத்திய நட்சத்திரம் என்று வணங்கும் அதே விண்மீன்தான் சுஹைல். ஜூன் தொடக்கத்தில் கார்த்திகைக் கூட்டம் விடியலில் எழும்போது பவாரிஹ் காற்று வரும் என்று கொள்வார்கள். வானிலை அறிக்கை வருவதற்கு முந்தைய காலத்தில் நகரும் குடும்பம் ஒன்று எப்போது கிளம்பலாம், எப்போது கிளம்பக்கூடாது என்பதை இந்த எண்ணிக்கைதான் சொன்னது.

எண்ணெய் இதையெல்லாம் ஒரே தலைமுறையில் மாற்றியது. துகானில் 1938இல் துளையிடத் தொடங்கி, அடுத்த ஓராண்டு ஈராண்டுக்குள் எண்ணெய் கண்டார்கள். போர் வந்து வேலை நின்றது, 1947இல் மீண்டும் தொடங்கியது, 1949 டிசம்பர் 31 அன்று உம் ஸயீத் துறையிலிருந்து முதல் கப்பல் எண்ணெயோடு புறப்பட்டது. மேற்குக் கரையிலுள்ள துகானிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள உம் ஸயீத் வரை தீபகற்பத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு குழாய் ஓடியது. குழாயோடு வாகனத் தடங்களும் வந்தன. கம்பெனி வேலையில் சேர்ந்த பதுவினர் கையில் காசு புழங்கியது, காசு லாரியானது. 1950களிலேயே தண்ணீரையும் கூடாரத்தையும் லாரியில் ஏற்றிச் செல்வது தொடங்கிவிட்டது. 1960களின் இறுதியில் அல் முர்ரா மக்களோடு வாழ்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டொனால்ட் கோல் 1975இல் வெளியிட்ட நூலில், பிக்கப்பும் லாரியும் ஒட்டகத்தின் சுமையை எடுத்துக்கொண்ட காலத்தைக் காணலாம்.

பாரம் சுமக்கும் ஒட்டகம் காற்று மீறினால் படுத்துவிடும், ஆளும் அதன் மறைவில் ஒதுங்கிக்கொள்ளலாம். லாரி படுக்காது. உயரமாகச் சாமான் கட்டிய லாரி பக்கக் காற்றில் எப்படி ஆடும் என்பது ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆடி மாதத்தில் வைக்கோல் பாரத்தோடு போகும் வண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூடாரம் நின்றுகொண்டிருந்தபோது காற்றைச் சமாளித்தது, நகரும்போது சுருட்டிய துணியாக இருந்தது. வீடே நிமிர்ந்த நிலையில் ஓட வேண்டும் என்ற நிலை அதுவரை வந்ததே இல்லை.

அந்த நிலை முதலில் வந்தது வளைகுடாவுக்கு வடக்கே, சிரியப் பாலைவனத்தில். நியூசிலாந்தைச் சேர்ந்த நோர்மன், ஜெரால்ட் நேர்ன் சகோதரர்கள் 1923இல் டமாஸ்கசுக்கும் பாக்தாதுக்கும் இடையே ஏறத்தாழ 900 கிலோமீட்டர் பாலைவனத்தைக் கடக்கும் தபால், பயணிகள் சேவையைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் ப்யூக், காடிலாக் கார்கள். பிறகு ஆறு சக்கர பஸ்கள். 1930களில் இழுவை வண்டிக்குப் பின்னால் பூட்டிய நீண்ட டிரெய்லர் பஸ்கள். 1937இல் அமெரிக்காவின் பட் கம்பெனி செய்த, துருவேறாத எஃகு உடலும் குளிர்சாதனமும் கொண்ட டிரெய்லர்கள் வந்தன. சாலை என்று எதுவும் இல்லாத சமதளத்தில் இரவோடிரவாக இவை ஓடின. உள்ளே உட்காரலாம், தூங்கலாம், புழுதி புகாது. நகரும் பெட்டிக்குள் மனிதரை வைத்துப் பாலைவனத்தைக் கடக்கலாம் என்று காட்டிய முதல் பெரிய முயற்சி இது. 1950களின் இறுதியில் விமானப் போட்டியும் அரசியலும் அதை முடித்துவைத்தன.

கத்தாரின் பக்கம் திரும்பினால், தோகா அப்போது கடலோரத்தை ஒட்டிய சிறிய ஊர். இன்று நஜ்மா என்ற குடியிருப்புப் பகுதி இருக்கும் இடம் ஊருக்கு வெளியே கிடந்த சமவெளி. 1959இல் விமான நிலையம் ஊருக்குக் கிழக்கே வந்தது, 1970களில் வளையச் சாலைகள் வந்தன, நகரம் பரவியதில் நஜ்மாவும் வீடுகளால் நிறைந்தது. பின்னர் கத்தாரியர் புதிய புறநகர்களுக்குப் போக, நஜ்மாவின் வீடுகளிலும் அடுக்ககங்களிலும் தெற்காசியத் தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் குடியேறினார்கள். தமிழ், மலையாளம், உருது, நேபாளி, வங்காளம் எல்லாம் ஒரே தெருவில் கேட்கும் பகுதி இது. இங்குள்ள சூக் அல் ஹராஜ் பழைய சாமான் சந்தை. கட்டில், சோஃபா, அலமாரி, கம்பளம், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் கைமாறும். புதிதாகக் குடித்தனம் வைக்கும் தொழிலாளிக்கும், குளிர்காலம் வந்ததும் பாலைவன முகாமுக்கு மலிவாக இருக்கை தேடுபவருக்கும் வேண்டியது ஒரே சரக்குதான்.

அந்தக் குளிர்கால முகாம்தான் பழைய இடப்பெயர்ச்சியின் மிச்சம். நகரத்தில் நிலைத்துவிட்ட குடும்பங்கள் குளிர் இறங்கியதும் ‘பர்’ எனப்படும் வெட்டவெளிக்குப் போய்ச் சில வாரங்கள் தங்கும் வழக்கத்தை விடவில்லை. குவைத்தில் முகாம் பருவம் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை என்று வகுத்திருக்கிறார்கள். கத்தாரில் நவம்பரில் தொடங்கி வசந்தம் வரை போகும், அரசின் அனுமதிச் சீட்டும் பிணைத்தொகையும் வேண்டும். மெஸையீதை (பழைய உம் ஸயீத்) அடுத்த சீலைன் கடற்கரையும் அதற்குத் தெற்கே கோர் அல் உதெய்த் உள்கடலும் மிகவும் விரும்பப்படும் இடங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஷார்ஜாவின் உள்நாட்டு மணல்வெளிகளும் துபாயின் அல் குத்ராவும் அப்படி.

முகாமில் கருங்கூடாரம் இன்றும் அடிக்கப்படுகிறது, ஆனால் பெரும்பாலும் விருந்தினர் அமரும் மஜ்லிஸாக. தூங்குவதற்கும் சமைப்பதற்கும் போர்ட்டா கேபின்கள். சக்கரமுள்ள கேரவனும், எஞ்சினோடு சேர்ந்த மோட்டார் வீடும் வசதியுள்ளவர்களிடம் பெருகின. பருவம் தொடங்கும் வாரத்தில் சல்வா சாலையிலும் மெஸையீத் சாலையிலும் லோபெட் டிரெய்லர்களில் கேபின்கள் வரிசையாகப் போவதைக் காணலாம். அவற்றை ஓட்டுபவர்களில் பலர் தெற்காசியர், தமிழரும் அவர்களில் உண்டு. பதுவினப் பெண்ணின் கையிலிருந்த காற்றறிவு இப்படியாகத் திருச்சியிலிருந்தோ பஞ்சாபிலிருந்தோ பெஷாவரிலிருந்தோ வந்த ஓட்டுநரின் கைக்கு வந்து சேர்ந்தது. அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உயரமான வண்டியைக் காலியாக ஓட்டிப் பார்த்துத்தான் கற்றார்.

காலி வண்டி என்பது முக்கியம். பாரம் ஏற்றிய டிரெய்லரைவிடக் காலி டிரெய்லரே காற்றில் கவிழ அதிக வாய்ப்புள்ளது. காற்று தள்ளும் பரப்பு இரண்டிலும் ஒன்றுதான், தரையோடு அழுத்திப் பிடிக்கும் எடைதான் குறைவு. திரைச்சீலைப் பக்கங்கள் கொண்ட டிரெய்லரைக் காலியாக ஓட்ட நேர்ந்தால், இரு பக்கத் திரைகளையும் முழுக்கத் திறந்து இறுக்கிக் கட்டிவிட்டு ஓட்டுவது அனுபவசாலிகளின் வழக்கம். காற்று ஊடுருவிப் போய்விடும். மயிர்க் கூடாரத்தின் நெசவு செய்த வேலையும் இதுவே. மோட்டார் வீட்டுக்கு அந்த வழி இல்லை. நான்கு பக்கமும் மூடிய, இலேசான, உயரமான பெட்டி அது.

பெட்டியின் மீது காற்று எவ்வளவு தள்ளுகிறது என்பதைக் கணக்கிடலாம். 7 மீட்டர் நீளமுள்ள மோட்டார் வீட்டின் பக்கப் பரப்பு ஏறத்தாழ 18 சதுர மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று அதன் பக்கவாட்டில் அடித்தால் தோராயமாக 300 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளும். காற்று 90 கிலோமீட்டராகும்போது வேகம் ஒன்றரை மடங்குதான், விசையோ 700 கிலோவைத் தொடும். வேகத்தின் இருமடிக்கேற்ப விசை ஏறுவதுதான் காரணம். அந்த விசை செயல்படுவது சக்கரத்தின் மட்டத்தில் அல்ல, தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கும் மேலே. 3,500 கிலோ வண்டியை நின்ற நிலையில் கவிழ்க்க இது போதாமல் இருக்கலாம். ஆனால் ஓடும் வண்டியை அடுத்த தடத்துக்குத் தள்ள இதில் பாதி போதும். ஓட்டுநர் பதறி ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டித் திருப்ப, அந்த நொடியில் காற்று ஓய, வண்டி தன் வேகத்திலேயே சாய்கிறது. பல விபத்துகளில் இறுதியாகக் கவிழ்ப்பது இந்தப் பதற்றம்தான்.

வண்டியின் வேகமும் இந்தக் கணக்கில் சேரும். பக்கக் காற்று 50 கிலோமீட்டர், வண்டி 100 கிலோமீட்டர் என்றால், வண்டியின் உடல் உணரும் காற்று இரண்டும் சேர்ந்து 112. வண்டியை 60க்குக் குறைத்தால் அது 78 ஆகிறது, காற்றழுத்தம் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. காற்று அடிக்கும்போது வேகத்தைக் குறைக்கச் சொல்வது நிதானத்துக்காக மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. விசையையே குறைக்கும் ஒரே பிடி ஓட்டுநர் கையில் அதுதான்.

வளைகுடாச் சாலைகளில் காற்று எங்கே அடிக்கும் என்பதை ஓட்டுநர்கள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அபு சம்ரா எல்லை வரை வெறும் சமதளத்தில் ஓடும் சல்வா சாலை. அபுதாபியின் மேற்கே, குவைஃபாத் எல்லைக்கு முன்பு சப்கத் மத்தி உப்புச் சமவெளியை ஒட்டிய ஈ11 நெடுஞ்சாலை. 1986இல் திறந்த, 25 கிலோமீட்டர் நீளமுள்ள சவுதி, பஹ்ரைன் கடற்பாலமும், 2019இல் திறந்த குவைத்தின் ஷேக் ஜாபர் பாலமும் இந்த வகையே. இங்கெல்லாம் காற்று இடைவிடாமல் அடிக்கும், அதனால் கை அதற்குப் பழகிக்கொள்ளும். விட்டுவிட்டு அடிக்கும் இடங்கள்தான் ஏமாற்றும். சுரங்கப்பாதையிலிருந்து மேலேறும் கணம், மணற்குன்றுகளுக்கிடையே உள்ள இடைவெளி, ஒலித்தடுப்புச் சுவர் முடியும் இடம், மேம்பாலத்தின் உச்சி. ஹத்தா போன்ற மலைப்பகுதிகளில் பள்ளத்தாக்கின் வாய் ஒவ்வொன்றும் அப்படித்தான். பெரிய டிரெய்லரை முந்தும்போது முதலில் அதன் மறைவில் காற்று நின்றுவிடும். அதன் மூக்கைத் தாண்டிய நொடியில் முழுக்காற்றும் ஒரேயடியாக அறையும். அதுவரை காற்றை எதிர்த்துச் சற்றே திருப்பி வைத்திருந்த ஸ்டியரிங் மறைவில் இருக்கும்போது வண்டியை டிரெய்லர் பக்கமே இழுக்கும். எனவே காற்று நாளில் முந்தாமல் இருப்பதே நல்லது.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை பல, அவற்றில் பெரும்பாலானவை எடையைக் கீழே இறக்குவது பற்றியவை. கூரைமேல் கட்டிய சைக்கிள், ஏணி, பெட்டிகளைக் கீழே இறக்க வேண்டும். வண்டியின் அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை, எடை வரம்புக்குள் நிறைத்து வைப்பது நல்லது. கூரைத் துவாரங்களும் சன்னல்களும் மூடியிருக்க வேண்டும், பக்கத்தில் மடித்து வைத்த நிழல்திரையின் கொக்கிகள் பூட்டியிருக்க வேண்டும். பின்னால் இழுத்துச் செல்லும் கேரவனாக இருந்தால் எடை அச்சுக்குச் சற்று முன்னால் விழும்படி சாமானை அடுக்க வேண்டும். பின்பாரம் மிகுந்த கேரவன் காற்றில் பாம்பாக நெளியத் தொடங்கும். நெளியும்போது முன்வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் கேரவன் மடிந்து வந்து முட்டும். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, தானாக வேகம் குறைய விடுவதுதான் சரி.

சீலைனுக்கே உரிய ஒரு தவறு டயரில் இருக்கிறது. மணலில் சிக்காமல் ஓட டயர்க் காற்றைப் பாதிக்கும் கீழே இறக்குவார்கள். மணல் முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் காற்று நிரப்பும் கடைகள் உண்டு. வெள்ளிக்கிழமை மாலையில் அங்கே வரிசை நீளும். பொறுமையிழந்து, அடுத்த பெட்ரோல் பங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே சாலையேறும் வண்டிகளில் மோட்டார் வீடோ கேரவன் இழுக்கும் காரோ இருந்தால் அபாயம் இரட்டிப்பாகும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும். மேலே காற்று தள்ள, கீழே டயர் மடங்க, வண்டி ஒவ்வொரு வீச்சுக்கும் தேவைக்கு மேல் சாயும். சூடேறினால் டயர் வெடிக்கவும் கூடும்.

ஓட்டும்போது இரு கைகளும் ஸ்டியரிங்கின் இரு பக்கத்தில் இருக்க வேண்டும், பிடி உறுதியாகவும் திருப்பம் சிறிதாகவும் இருக்க வேண்டும். குரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிட வேண்டும். சாலையோர முட்செடி, கொடிக்கம்பம், மணல் தார்ச்சாலையின் குறுக்கே ஓடும் விதம், முன்னே போகும் லாரியின் தார்ப்பாய் எல்லாமே அடுத்த வீச்சை முன்கூட்டிச் சொல்லும். தார்ச்சாலையில் மணல் கோடுகளாக நெளிந்து ஓடத் தொடங்கினால் உயரமான வண்டிக்கு நிறுத்துமிடம் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

வளைகுடாவில் காற்றோடு புழுதியும் சேர்ந்தே வரும். 2015 ஏப்ரல் தொடக்கத்தில் அரேபியத் தீபகற்பத்தின் பெரும்பகுதியை மூடிய புழுதிப்புயல் விண்ணிலிருந்து எடுத்த படங்களில் பழுப்புச் சுவராகத் தெரிந்தது. ரியாத், தோகா, துபாய் எல்லாம் அதில் அடங்கின. அத்தகைய நேரத்தில் அமீரகத்தில் ஓடும் வண்டியில் அபாய விளக்கைப் போடுவது போக்குவரத்துக் குற்றம். பின்னால் வருபவருக்கு வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் போவதால் அந்த விதி. அபுதாபியில் பார்வை மங்கும்போது மின்பலகைகள் வேக வரம்பை 80ஆகக் குறைத்துக் காட்டும். உயரமான வண்டிக்கு அதுவும் அதிகம். சாலையோரத் தோளில் நிற்காமல் சாலையை விட்டு முழுக்க விலகி, பெட்ரோல் நிலையத்திலோ ஓய்விடத்திலோ மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்து நிறுத்துவதே பாதுகாப்பு. அகன்ற பக்கத்தை ஷமாலுக்குக் கொடுத்து நிறுத்தினால் இரவெல்லாம் வண்டி ஆடும், கதவைத் திறந்த கையிலிருந்து காற்று கதவைப் பிடுங்கிக்கொள்ளும்.

2017 ஜூனில் அண்டை நாடுகளுடனான பிணக்கில், சவுதியை ஒட்டிய அபு சம்ரா எல்லை மூடப்பட்டதும் கத்தாரின் மோட்டார் வீடுகளுக்கு நிலவழிப் பயணம் நின்றுபோனது. சவுதி வழியாகக் குவைத்துக்கும் ஜோர்டானுக்கும் போய்வந்தவர்கள் சீலைனோடும் துகானோடும் வடக்குக் கடற்கரைகளோடும் நின்றார்கள். 2021 ஜனவரியில், அந்தப் பிணக்கைத் தீர்த்த அல் உலா உடன்பாட்டுக்குப் பின் எல்லை திறந்தது. 2022 உலகக் கோப்பையின்போது தோகாவின் அல் மெஸ்ஸீலாவில் கேரவன் நகரம் ஒன்றையே அமைத்து ரசிகர்களைத் தங்கவைத்தார்கள். அந்தக் கேரவன்கள் ஓடியவை அல்ல, வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டவை. ஆனாலும் குறுகிய காலத்தில் இத்தனை நகரும் வீடுகளைத் தோகா அதற்கு முன் ஒரே இடத்தில் கண்டதில்லை.

முகாம் முடியும் காலம் தொடங்கும் காலத்தைவிட ஆபத்தானது. கேபின்களையும் கேரவன்களையும் திருப்பி எடுத்து இடத்தைச் சுத்தம் செய்துவிட வேண்டிய கெடு, ஸராயாத் பருவத்தின் நடுவே வந்து விழுகிறது. பிணைத்தொகை கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற அவசரத்தில் கடைசி நாள்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் சாலைக்கு வருகிறார்கள். கட்டணம் வாங்கி இழுத்துக் கொடுக்கும் ஓட்டுநருக்கு அன்று மறுக்கும் உரிமை இருப்பதில்லை, காற்று எச்சரிக்கை வந்திருந்தாலும் முதலாளி கிளம்பச் சொன்னால் கிளம்ப வேண்டியிருக்கிறது. முகாம் அனுமதியில் காற்று நாளுக்குக் கெடுவைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். அதுவரை தொழில் தெரிந்தவர்கள் கைக்கொள்ளும் வழி நேரத்தைத் தேர்வது. வானிலைத் துறை ‘நாட்’ (knot) அலகில் சொல்லும் காற்று வேகத்தை இரண்டால் பெருக்கிக் கொஞ்சம் கழித்தால் மணிக்குக் கிலோமீட்டர் கிடைக்கும். 25 நாட் என்றால் ஏறத்தாழ 46 கிலோமீட்டர், வீச்சு அதற்கும் மேலே போகும். ஸராயாத் மேகங்கள் பெரும்பாலும் பிற்பகலில் திரள்கின்றன, பகல் சூடு ஏறஏறத் தரைக்காற்றும் வலுக்கிறது. அதனால் முந்தைய மாலையே கேபினைக் கட்டி இறுக்கி, டயரில் காற்றைச் சரிபார்த்து வைத்துவிட்டு, ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் சீலைனிலிருந்து கிளம்பி வெயில் ஏறுமுன் தோகா வந்து சேர்கிறார்கள்.